பொய்ச் செய்தியும் அதன் பொறுப்பும்



சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், நம் காலனியில் வசிக்கும் அன்பர் ஒருவர் நம்மைத் தாழ்வாரத்தின் கோடிக்கு அழைத்துச் சென்று ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். கெட்டிக்காரப் பிள்ளை, சங்கத்தின் திருக்குறள் போட்டியில் இரண்டு முறை பரிசு பெற்றவன். இரவு வேளையில் கணினியில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றில் மூழ்கிவிடுகிறான். எதிரே ஆடுகிறவன் எந்த ஊர்க்காரன், எந்த தேசத்தவன் என்பதே தெரியாது. குரல் மட்டும் காதில் கேட்கும். ஒரு நாள் இரவு தோற்றுப்போன ஆத்திரத்தில், “உன் விலாசம் எனக்குத் தெரியும், உன் வீட்டுக்குப் போலீசை அனுப்புகிறேன் பார்” என்று இவன் கத்தியதை அடுக்களையிலிருந்த தாயார் கேட்டுத் திடுக்கிட்டுப் போனாராம். “இது வெறும் வாய்ச் சவடால்தானா, அல்லது மெய்யாகவே அப்படி அனுப்ப முடியுமா?” என்பது அன்பரின் கேள்வி.

முடியும். அனுப்பியிருக்கிறார்கள். உயிரும் போயிருக்கிறது. அன்று அவரிடம் அவசரத்தில் இரண்டு வார்த்தைதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறோம். எழுதத் தொடங்கியபின், அவருடைய மகனைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட முடியாது என்பதும் தெரிந்தது. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

அமெரிக்காவில் கான்சஸ் மாகாணத்தில் விச்சிட்டா என்றொரு நகரம் உண்டு. 2017-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 28-ஆம் தேதி மாலை அந்நகரத்துப் போலீசாருக்கு ஒரு டெலிபோன் வந்தது. பேசியவன், தன் தகப்பனைத் தலையில் சுட்டுவிட்டதாகவும், தாயையும் உடன்பிறந்தவனையும் துப்பாக்கி முனையில் அடைத்து வைத்திருப்பதாகவும், வீட்டில் பெட்ரோலை ஊற்றிவிட்டதாகவும், கொளுத்திவிட யோசிப்பதாகவும் கூறினான். வீட்டு விலாசத்தையும் கொடுத்தான். அத்தனையும் புளுகு. அவன் விச்சிட்டாவில் இருந்தவனே அல்லன். ஆயிரம் மைலுக்கும் அப்பால் லாஸ் ஏஞ்சலீஸில் இருந்துகொண்டு, உள்ளூர் எண் போலத் தோன்றுமாறு ஏற்பாடு செய்துகொண்டு பேசினான்.

காரணம் என்ன? ஒன்றரை டாலர்! இரண்டு இளைஞர்கள் கணினி விளையாட்டில் கட்டிய பந்தயம் அவ்வளவுதான். ஒருவன் ஒஹையோ மாகாணத்தவன், மற்றவன் விச்சிட்டாக்காரன். பந்தயத்தில் சச்சரவு மூண்டது. ஒஹையோக்காரன், இத்தகைய காரியத்தில் பேர்போன லாஸ் ஏஞ்சலீஸ் ஆசாமியை ஏவிவிட்டான். விச்சிட்டாக்காரனோ பயந்து ஒதுங்கவில்லை. தன் குடும்பம் முன்னொரு காலத்தில் குடியிருந்த பழைய வீட்டின் விலாசத்தைக் கொடுத்து, “முடிந்தால் செய்து பார்” என்று வீம்பு பேசினான். அவ்வீட்டில் இப்போது வேறு குடும்பம் வசிக்கிறதே என்று அவன் ஒரு கணமும் எண்ணியதாகத் தெரியவில்லை.

அந்த வீட்டில் 28 வயது இளைஞர் ஒருவர் தம் தாயாரோடும் உறவினரோடும் வசித்து வந்தார். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனார். விளையாட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வெளியே விளக்கொளியும் அரவமும் கண்டு, என்னவென்று பார்க்க முன்கதவைத் திறந்து திண்ணைக்கு வந்தார். சுற்றிலும் துப்பாக்கியேந்திய போலீசார். கையைத் தூக்கு என்று பல திசைகளிலிருந்தும் கூவினார்கள். தெருவின் எதிர்ப்புறத்தில் நின்றிருந்த ஒரு போலீஸ்காரர் சுட்டார். கதவு திறந்ததற்கும் குண்டு பாய்ந்ததற்கும் இடையே சென்றது சில விநாடிகளே. இளைஞரின் கையில் ஆயுதம் ஏதுமில்லை. கை இடுப்புப் பக்கம் தாழ்ந்தது போல் தோன்றிற்று என்பதே சுட்டவர் கூறிய சமாதானம். வீட்டிலிருந்த மற்றவர்களையும் கைவிலங்கிட்டு வெளியே கொண்டுவந்தார்கள்.

டெலிபோனில் பேசியவன் அதை ஒரே மாடமுள்ள வீடு என்று வருணித்திருந்தான். உண்மையில் அது மாடியுள்ள வீடு. இந்த முரண்பாடு வீட்டைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்க வேண்டியது. ஆனால் கொலை நடந்துவிட்டது என்ற செய்தியைக் காதில் வாங்கிக்கொண்டு ஓடிவருகிறவன் கண்ணுக்கு மாடி தெரிவதில்லை போலும்.

இத்தகைய பொய் அழைப்புக்கு அந்நாட்டில் ‘ஸ்வாட்டிங்’ என்று பெயர். பலத்த ஆயுதம் தாங்கிய ‘ஸ்வாட்’ என்ற விசேஷப் போலீஸ் படையை ஒருவர் வீட்டின்மேல் ஏவிவிடுவதால் வந்த பெயர். விச்சிட்டாவில் அன்று அந்தப் படைகூட வரவில்லை. வந்தவர்கள் சாதாரண ரோந்துப் போலீசாரே.

இனிப் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். பொய் சொன்னவனுக்கு அப்போது வயது 25. முன்னரே ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு வெடிகுண்டுப் பொய்ச் செய்தி விடுத்துச் சிறை சென்று வந்தவன். விச்சிட்டா அழைப்போடு வேறு பல ஊர்களுக்கு விடுத்த பொய் மிரட்டல்களும் சேர்ந்து 51 குற்றங்களை அவன் ஒப்புக்கொண்டான். 2019 மார்ச்சு மாதம் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஏவிவிட்ட ஒஹையோ இளைஞனுக்கு 15 மாதம். பழைய விலாசத்தைக் கொடுத்தவன் மீதுள்ள வழக்கை முதலில் சில நிபந்தனைகளோடு ஒத்திவைத்தார்கள். சுட்ட போலீஸ்காரர் மீது குற்ற வழக்குத் தொடர்வதற்கில்லை என்று அவ்வட்டாரத்து அரசு வழக்கறிஞர் 2018-இல் முடிவு கூறிவிட்டார். குடும்பத்தார் விடவில்லை, நஷ்ட ஈடு கேட்டு வழக்காடினார்கள். அப்போலீஸ்காரர் மீதுள்ள வழக்கு நடக்கலாம் என்று 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. 2023-இல் நகரசபை 50 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

நம் சங்கத்து வாலிபர்கள் சிலரிடம் இக்கதையைச் சொல்லி, “யார் குற்றவாளி?” என்று கேட்டோம். ஒருவர் தவறாமல் எல்லோரும் முதலில் பொய்யனைத்தான் சுட்டினார்கள். சரிதான். ஆனால் ஒரு பெண் மட்டும், “மாமா, அவன் பொய் சொன்னான், துப்பாக்கி பொய் இல்லையே” என்றாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. நம் அபிப்பிராயமும் ஏறக்குறைய அதுவே. பொய்யனுக்கு 20 ஆண்டு கொடுத்துவிட்டதனாலேயே மற்றவர்களின் கணக்குத் தீர்ந்துவிடாது. ஒருவன் மீது பழி முழுவதையும் ஏற்றிவிட்டால் பாக்கிப் பேருக்கு இரவில் நல்ல தூக்கம் வருகிறது; அவ்வளவே. குற்றமொன்று நிகழ்ந்தால் அதை ஆளுக்கு இத்தனை வீசம் என்று பங்கு போட வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் முழுப் பங்கே உண்டு.

போலீசாருக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செய்தி பொய்யாக இருக்கலாம் என்று அவர்கள் மெத்தனமாக வந்து, மெய்யாகவே ஒரு தாய் உள்ளே எரிந்துபோயிருந்தால் அவர்களை நாம் சும்மா விடுவோமா? ஆகவே விரைந்து வந்தது குற்றமில்லை. வந்தபின் ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாம். செய்தியைச் சோதிக்க அந்த ஒரு நிமிஷம் போதும்.

துப்பாக்கி வெடிக்காமலும் உயிர் போகும் என்பதற்கு இன்னொரு சம்பவம். டென்னெசி மாகாணத்தில் 2020 ஏப்ரலில் 60 வயதுப் பெரியவர் ஒருவர் வீட்டைப் போலீசார் இவ்விதமே பொய்ச் செய்தி கேட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். ட்விட்டரில் அவர் வைத்திருந்த பெயர் அம்மாகாணத்தின் பெயரேயாம். ஆரம்பத்திலேயே பதிவு செய்துகொண்டமையால் அவருக்குக் கிடைத்தது. அதை அபகரிக்க விரும்பிய சில பிள்ளைகள், அவர் கொடுக்க மறுத்தமையால் இதைச் செய்தார்கள். ஒரு பெயருக்காக! பெரியவர் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். யாரும் சுடவில்லை. இருதயம் நின்று மாண்டுபோனார். சதியில் ஈடுபட்ட இளைஞன் ஒருவனுக்கு 2021-இல் 5 ஆண்டு தண்டனை. மற்றொருவன் இங்கிலாந்திலிருந்த சிறுவன். அவனை அமெரிக்காவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

நம் தேசத்தில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி கிடையாது. போலீசாரும் கதவு திறந்தவுடன் சுடுகிறவர்கள் அல்லர். ஆகவே இது அமெரிக்கா சமாசாரம் என்று அன்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். 2024 மே முதல் தேதி டில்லியிலும் சுற்றுப்புறத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்களுக்கு ஒரே காலையில் வெடிகுண்டு மிரட்டல் வந்ததும், பெற்றோர்கள் காரியாலயத்தையும் அடுப்பையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பள்ளி வாசலுக்கு ஓடியதும் டில்லி அன்பர்களுக்கு மறந்திராது. அதே ஆண்டு அக்டோபரில் விமானங்களுக்கு நூற்றுக்கணக்கான பொய் மிரட்டல்கள். யாவும் புரட்டு என்று பின்னர் தெரிந்தது.

எங்கள் இலாகாவிலோ இது அன்றாடப் பிரச்னை. அபாயச் சங்கிலியைக் காரணமின்றி இழுத்தால் 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 141-ஆம் பிரிவுப்படி ஓர் ஆண்டுவரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம். இருந்தும் இழுக்கிறார்கள். தம்பி டீ வாங்கப் போயிருக்கிறான், ஆகவே இழுத்தேன் என்று வாய் கூசாமல் சொல்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். 2025 ஜனவரி 22-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் ஜல்காவ் ஜில்லாவில் நடந்ததை நினைத்தால் இன்றும் உடல் பதறுகிறது. லக்னோவிலிருந்து பம்பாய் சென்ற புஷ்பக் எக்ஸ்பிரஸில் தீப்பிடித்ததென்று ஒரு வதந்தி. சங்கிலி இழுக்கப்பட்டு வண்டி நின்றது. ஜனங்கள் இறங்கி அடுத்த தண்டவாளத்தில் நின்றார்கள். எதிரே வந்த கர்நாடகா எக்ஸ்பிரஸ் அவர்கள் மீது ஏறிற்று. 12 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். வண்டியில் தீயே இல்லை. வேண்டுமென்று ஒருவர் சொன்ன பொய் என்று அதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் வாயிலிருந்து வந்த ஒரு சொல் அடுத்தவர் வாய்க்குப் போகையில் எவ்வளவு கனமாகிவிடுகிறது, பாருங்கள்.

நம் சங்க உறுப்பினரான வக்கீல் அன்பர் ஒருவரிடம் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டோம். அவர் சொன்னது நமக்கு மிக்க ஆச்சரியமாக இருந்தது. வெள்ளைக்காரர் காலத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 182-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அரசாங்க ஊழியரிடம் பொய்ச் செய்தி சொல்லி, அவருடைய அதிகாரத்தைப் பிறர்மேல் ஏவிவிடுவதே அப்பிரிவின் குற்றம். அதற்கு உதாரணமாகச் சட்டம் எழுதியவர்கள் என்ன காட்டினார்கள் தெரியுமா? ஒருவன் வீட்டில் கள்ள உப்பு ஒளித்து வைத்திருக்கிறது என்று மற்றொருவன் பொய் சொல்கிறான். அதனால் அவ்வீடு சோதனையிடப்பட்டு அவன் தொல்லைப்படுவான் என்று தெரிந்தே சொல்கிறான் என்பது ஓர் உதாரணம். இன்னதென்ற கிராமத்தருகே தன்னை வழிப்பறி செய்தார்கள் என்று ஒருவன் பொய் சொல்ல, போலீசார் கிராமம் முழுவதையும் துழாவுகிறார்கள் என்பது மற்றோர் உதாரணம். டெலிபோனும் கணினியும் இல்லாத காலத்திலேயே இந்த வித்தை நடந்திருக்கிறது! உப்புக்காக வந்தவர்கள் இப்போது வெடிகுண்டுக்காக வருகிறார்கள், வேற்றுமை அவ்வளவே. 2024 ஜூலை முதல் தேதி புதிய பாரதிய நியாய சன்ஹிதை அமுலுக்கு வந்தபின் அது 217-ஆம் பிரிவாகியிருக்கிறது. ஓர் ஆண்டுவரை சிறையோ, 10,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாமாம். பயமுறுத்தல் முதலிய வேறு பிரிவுகளும் சேர்ந்துகொண்டால் தண்டனை கூடும்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் தகப்பனார் இந்த அளவோடு படிப்பதை நிறுத்தி, மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படிக்கச் சொல்லலாம். அடிக்க வேண்டாம். விச்சிட்டா வீட்டு மாடியைப் பற்றியும் அந்த ஒன்றரை டாலரைப் பற்றியும் அவனுக்குச் சொன்னால் போதும். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கப் பயப்படும்படியும் செய்துவிடக் கூடாது. மெய்யான ஆபத்தில் தாராளமாக அழைக்க வேண்டியதே அது. ஒரு பொய்யனுக்காக அந்த வழி நோயாளிக்கும் அபலைக்கும் அடைபட்டுப் போகலாகாது.

இப்போது நம் விஷயம்.

சென்ற ஆண்டு ஆவணி மாதம். நாம் பணிபுரியும் நிலையத்தின் பெயர் வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல் நல்ல மழை. நாம் விசாரணைக் கவுண்டரில் இருந்தோம். தெற்கே செல்லும் வண்டி வருவதற்கு அரை மணி இருக்கையில், 25 அல்லது 26 வயதுள்ள ஓர் இளைஞர் கவுண்டருக்கு வந்து உடைந்த இந்தியில் நடைமேடை எண் கேட்டார். உச்சரிப்பிலேயே தெரிந்துவிட்டது. “தமிழிலேயே கேளுங்கள்” என்றோம். முகம் மலர்ந்துபோயிற்று. “அண்ணே, நம்ம ஊர்க்காரரா!” என்றார். விழுப்புரத்துப் பக்கம். இங்கே கட்டிட வேலைக்கு வந்த கொத்தனார். தங்கைக்குக் கல்யாணமாம், நாலாம் நாள் முகூர்த்தம். தோளில் மாட்டியிருந்த கறுப்புப் பையைத் தட்டிக் காண்பித்து, “கரணை, மட்டப்பலகை எல்லாம் இதிலதான் அண்ணே இருக்கு, கொட்டகையில வெச்சிட்டுப் போனா திரும்பி வர்றப்ப இருக்காது. தங்கச்சிக்கு ஒரு புடவையும் இதுக்குள்ளதான்” என்றார். முன்பதிவில்லாப் பெட்டி கடைசியில் நிற்கும் என்று சொல்லி அனுப்பினோம்.

வண்டி வந்து நின்ற சமயத்தில் விசாரணை டெலிபோன் அடித்தது. ஓர் ஆண் குரல், இந்தியில். தெற்கு வண்டியில் குண்டு இருக்கிறது, கறுப்புப் பைக்காரன் ஒருவன் ஏறியிருக்கிறான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. நாம் உடனே நிலைய அதிகாரிக்குத் தெரிவித்தோம். அது நம் கடமை. அதில் நமக்கு ஒரு மனஸ்தாபமும் இல்லை. வண்டியை நிறுத்தி வைத்தார்கள். ஆயுதம் தாங்கிய போலீசார் வந்தார்கள்; மோப்ப நாய் வந்தது. அதிகாரி ஒருவர் கவுண்டருக்கு வந்து, “கறுப்புப் பையோடு யாரேனும் உம்மிடம் வந்தார்களா?” என்று கேட்டார்.

நாம் சொன்னது இது: “ஆம், ஒருவன் வந்தான். கடைசிப் பெட்டிப் பக்கம் போனான்.”

நாம் சொல்லாதது இது: அவர் கொத்தனார். பையில் கரணை இருக்கிறது. தங்கைக்குக் கல்யாணம். அவர் நம்மிடம் பையைத் தட்டிக் காண்பித்தார்.

ஏன் சொல்லவில்லை என்று பலமுறை நம்மை நாமே கேட்டுக்கொண்டோம். அவகாசம் இல்லை என்று சிலநாள் சமாதானம் கொண்டோம். அது உண்மையன்று. அந்த நாலு வார்த்தைக்கு நாலு விநாடி போதும். ஒருவேளை மெய்யாகவே குண்டு இருந்துவிட்டால், ‘நீ அவனுக்குச் சிபாரிசு செய்தாயே’ என்று நம் தலையில் வந்து விடியுமே என்ற அச்சம். அவரும் தமிழர், நாமும் தமிழர் என்பதால் அந்த அச்சம் இருமடங்காயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை. ‘வந்தார்’ என்று சொல்ல வேண்டியவரை ‘வந்தான்’ என்ற பொருள்படச் சொன்னதும் அதனாலேயே. இந்தியில் அந்த வித்தியாசத்தை நாம் நன்றாகவே அறிவோம்.

கடைசிப் பெட்டியிலிருந்து அவரை இழுத்து இறக்கினார்கள். பையைத் தர மறுத்தார் என்று பின்னர் எழுதி வைத்தார்கள். அவர்கள் பேசியது அவருக்கு விளங்கவில்லை என்பதே நிஜம். ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. பையைத் திறந்தால் கரணையும் மட்டப்பலகையும் தூக்குக் குண்டும். அந்தத் தூக்குக் குண்டைக் கண்டு இரண்டு பேர் பின்னால் பாய்ந்ததாக ஒரு போர்ட்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. புடவை மழைச் சேற்றில் கிடந்தது.

வண்டி ஒரு மணி ஐம்பது நிமிஷ தாமதத்தில் புறப்பட்டது. கொத்தனார் அதில் இல்லை. மறுநாள் பகல்வரை அவரை வைத்து விசாரித்து, ஒன்றுமில்லை என்று விட்டார்கள். கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ஊர் சேர்ந்தபோது தங்கையின் கல்யாணம் முடிந்திருந்தது.

டெலிபோன் செய்தவன் நாலாம் நாள் அகப்பட்டான். ஒரு கடையில் வசூல் குமாஸ்தா. மழையில் ஆட்டோ கிடைக்காமல் தாமதமாகிவிட்டதாம். வண்டி அரை மணி நின்றால் போதும் என்று எண்ணிச் செய்தானாம். அதே வண்டியிலேயே ஏறி, தூங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறான். கறுப்புப் பை என்று ஏன் சொன்னாய் என்று கேட்டதற்கு, “ஏதாவது ஓர் அடையாளம் சொன்னால்தானே நம்புவார்கள்” என்றானாம். ஜாமீனில் இருக்கிறான், வழக்கு நடக்கிறது. நான் யாரையும் அடிக்கவில்லையே என்பது அவன் கட்சி. எங்களுக்கு வந்த தகவலின்படி நடந்தோம் என்பது அடித்தவர்களின் கட்சி. கண்டதைத்தானே சொன்னோம் என்பது நம் கட்சியாக இருந்து வந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கொத்தனார் கவுண்டருக்கு வந்தார். கட்டு அவிழ்த்திருந்தது, கை நேராகவில்லை. போகாத பயணத்தின் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்க வந்திருந்தார். வண்டி புறப்பட்டு அத்தனை காலம் சென்றபின் விதிப்படி கிடையாது. அதைச் சொன்னோம். டீ வாங்கிக் கொடுத்தோம். குடித்துக்கொண்டே, “அண்ணே, அன்னைக்கி என்னைக் காட்டிக் குடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றார். தெரியாது என்றோம்.

பிறர் பொய்யைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நாம், நேருக்கு நேர் ஒரு மனிதனிடம் அந்தப் பொய்யைச் சொன்னோம்.

இதை எழுத உட்கார்ந்த வாரத்தில் அவர் வேலை செய்யும் இடத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டு போனோம். ஊரின் கீழ்ப்பக்கத்தில் ஒரு பெரிய கட்டிடம் எழும்புகிறது. இப்போது அவர் கொத்தனார் வேலை செய்யவில்லை. கரணையைப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறதாம். சித்தாளாகக் கல் சுமக்கிறார், பாதிக் கூலிக்கு. அவரிடம் நடந்ததைச் சொன்னோம். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “கரணை இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே” என்றார். அதற்கு மேல் வையவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. நாமும் கேட்கவில்லை.

வக்கீல் அன்பரிடம் எல்லாவற்றையும் தெரிவித்திருக்கிறோம். அரசாங்க ஊழியர் கையால் குடிமகனுக்கு நேர்ந்த கேட்டுக்கு அரசாங்கமே நஷ்ட ஈடு தர வேண்டும் என்பதைச் சுப்ரீம் கோர்ட் 1983-இல் ருதுல் சா வழக்கிலேயே காட்டிவிட்டது என்கிறார். விடுதலை தீர்ப்பான பிறகும் பீகாரில் 14 ஆண்டு சிறையில் கிடந்த மனிதருக்காக வந்த வழக்கு அது. 1993-இல் ஒரிஸாவில் போலீஸ் காவலில் மாண்ட இளைஞனின் தாயாருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கும்படி அக்கோர்ட்டே உத்தரவிட்டது. கொத்தனாருக்கு வழக்காட வசதி கிடையாது. மனித உரிமை ஆணையத்துக்கு மனுப் போடுவதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் 1993-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஆணையம் விசாரிக்காது. ஆவணிக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. மனு தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாராகி வருகிறது. பொய் டெலிபோன் செய்தவன் மீதுள்ள வழக்கிலும் இந்த மணிக்கட்டின் கதை சொல்லப்பட வேண்டும் என்று வக்கீல் அன்பர் கருதுகிறார். இதுவரை அக்கட்டில், வண்டி தாமதமானதைத் தவிர வேறு நஷ்டம் எதுவும் எழுதப்படவில்லையாம்.

மனுவோடு சாட்சிகளின் வாக்குமூலம் வேண்டும். முதல் வாக்குமூலம் நம்முடையது. அதிகாரியிடம் நாம் சொன்னதையும் சொல்லாததையும் அப்படியே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டோம். இலாகாவில் இதனால் கேள்வி வரலாம். வந்தால் பதில் சொல்லிக்கொள்வோம். வீட்டில் முதல் நாள் சற்றுக் கலங்கினார்கள். மறுநாள், “போன வருஷமே செய்திருக்க வேண்டியது” என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆவணி மாத மழை இரவில் தெற்கு வண்டிக்காகக் கடைசிப் பெட்டிகளின் பக்கம் காத்திருந்த நம்மவர் சிலராவது இருப்பீர்கள். ஊரில் முகூர்த்த நாட்கள் நிறைந்த மாதம். குடும்பங்களாகப் புறப்பட்டவர்கள் பலர் என்று நமக்கு நினைவு. அடித்ததைக் கண்டவர்கள், அவர் பையைத் தர மறுத்தாரா இல்லையா என்று பார்த்தவர்கள், அல்லது கைப்பேசியில் படம் பிடித்தவர்கள் யாராயினும் சங்கச் செயலாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம். கண்டதை மட்டும் சொன்னால் போதும். ஆனால் கண்டது முழுவதையும் சொல்லுங்கள். இம்மாதம் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாலை ஆறு மணிக்கு மேல் நாமும் வக்கீல் அன்பரும் சங்கக் கட்டிடத்து வாசகசாலையில் இருப்போம். கொத்தனாரும் வருவார்.